கொசு மருந்து இன்னும் வேலை செய்கிறதா? சென்னைக்கு எந்தச் சோதனை முதலில்?

சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீபன்ஸி என்ற கொசு. மொட்டைமாடித் தொட்டி, மூடி சரியாக உட்காராத சம்ப், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் கிணறு, கட்டடம் எழும்பும் இடத்தில் லிஃப்ட் குழியில் தேங்கிய தண்ணீர் என்று ஓரளவு சுத்தமான நீரைத் தேடித்தான் அது முட்டையிடும். அதனால்தான் மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, கிணற்றிலும் தொட்டியிலும் மருந்து ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அந்த மருந்துக்கு இந்தக் கொசு இன்னும் சாகிறதா என்பதை ஊகத்தில் விட்டுவிட முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதிக்கும் முறைகள் நான்கைந்து உண்டு. ஒரு கல்லூரி விலங்கியல் துறையோ, ஒரு மண்டலத்தின் பூச்சியியல் பிரிவோ புதிதாகத் தொடங்கினால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. பணம், ஆள், இடம் எல்லாம் குறைவு. அவற்றைவிடக் குறைவாகக் கிடைப்பது கொசு. ஒரு நல்ல சோதனைக்கு நூற்றைம்பது கொசு வேண்டும். அத்தனையும் ஒரே இனமாக, ஒரே வயதாக இருக்க வேண்டும். ஆகவே எதை முதலில் எடுப்பது என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சென்னைக்கு முதலில் நீரில் வளரும் கொசுப்புழுவை வைத்துச் செய்யும் புழுச் சோதனை, அடுத்து வளர்ந்த கொசுவை மருந்துக் காகிதத்தோடு வைக்கும் காகிதக் குழாய்ச் சோதனை. பாட்டில் சோதனை குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு மட்டும். மரபணுவைப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை கடைசியில், அதுவும் மற்றவற்றோடு சேர்த்து. இந்த வரிசையைத் தலைகீழாக வைத்து, மரபணுவில் தொடங்கி, புழுவை மறந்தே போகும் திட்டங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் காரணங்களை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், எதிர்ப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மருந்து போட்டும் கொசு இருக்கிறது என்றாலே "எதிர்ப்பு வந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடாமல் குறைத்து ஊற்றியிருக்கலாம். மருந்து கேனிலேயே வெயில்பட்டு வீரியம் போயிருக்கலாம். தெருவில் பாதி வீடு பூட்டியிருந்து, அந்தத் தொட்டிகளில் மருந்தே விழாமல் போயிருக்கலாம். இவை எதுவும் எதிர்ப்பு ஆகாது. முன்பு கொன்ற அதே அளவு மருந்தைத் தாங்கிப் பிழைக்கும் திறன், ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்பட்டால் அதுதான் எதிர்ப்பு. சோதனையில் மருந்து, அளவு, நேரம், வெப்பம் எல்லாம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். கொசு மட்டும் தெருவிலிருந்து வரும். குறை கொசுவிலா, மருந்து போட்ட விதத்திலா என்று பிரித்துச் சொல்ல அது ஒன்றுதான் வழி.

தமிழ்நாட்டுக்கு இது பழைய சங்கதி. ஸ்டீபன்ஸி கொசுவில் டி.டி.டி. எதிர்ப்பு 1950-களின் நடுவிலேயே ஈரோடு நகரத்தில் பதிவானது. அன்று அது புழுக்களில் கண்டறியப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் புழுவை முதலில் வைப்பதற்கு அதுவும் ஒரு துணை.

புழுச் சோதனை

கொசு ஒரு மருந்தை எந்தப் பருவத்தில் சந்திக்கிறதோ, அந்தப் பருவத்தில்தான் அந்த மருந்தைச் சோதிக்க வேண்டும். கிராமப்புறங்களில் வீட்டுச் சுவரில் மருந்து அடிப்பார்கள். இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் வளர்ந்த கொசுதான் அங்கே மருந்தைத் தொடுகிறது. நகரத்தில் அப்படி இல்லை. 1971-இல் தொடங்கிய நகர்ப்புற மலேரியாத் திட்டத்தின் அடிப்படையே புழு ஒழிப்பு. சென்னையில் ஸ்டீபன்ஸி முதன்முதலில் மருந்தைச் சந்திப்பது தண்ணீருக்குள், புழுவாக இருக்கும்போது. பெரும்பாலும் அந்த மருந்து டெமிஃபாஸ். ஊழியர்கள் வாயில் 'அபேட்'. அப்படியிருக்க, வளர்ந்த கொசுவை டெல்டாமெத்ரின் காகிதத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "மருந்து வேலை செய்கிறது" என்று எழுதினால், நாம் தொட்டியில் ஊற்றும் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். டெமிஃபாஸ் ஆர்கனோ பாஸ்பேட் வகை. நரம்புகளுக்கு இடையே வேலை செய்யும் ஒரு நொதியை முடக்குகிறது. டெல்டாமெத்ரின் பைரெத்ராய்டு வகை. நரம்பின் சோடிய வாயிலை மூட விடாமல் செய்கிறது. ஒன்றில் தேறியதை வைத்து மற்றொன்றுக்கு மதிப்பெண் போட முடியாது.

செய்முறை எளிது. சிறிய கப்பில் நூறு மில்லி தண்ணீர். அதில் 25 புழுக்கள், புழு வளரும் நான்கு பருவங்களில் மூன்றாவதின் கடைசியிலோ நான்காவதின் தொடக்கத்திலோ இருப்பவை. மருந்துள்ள கப் குறைந்தது நான்கு; மருந்தைக் கரைத்த ஆல்கஹால் மட்டும் சேர்த்த ஒப்பீட்டுக் கப் தனியாக. 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். ஊசி முனையால் தொட்டும் அசையாத புழு செத்தது. தொட்டால் நெளிகிறது, ஆனால் மேலே வந்து மூச்சுவிட முடியவில்லை என்றால் அதுவும் செத்த கணக்கு. இடையில் கூட்டுப்புழுவாக மாறியவை கணக்கில் சேராது. ஒப்பீட்டுக் கப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டுப்புழு ஆகிவிட்டால் சோதனையே செல்லாது. திரும்பச் செய்ய வேண்டியதுதான். முற்றிய புழுவை எடுத்தால் இந்தத் தொல்லை வரும். அதனால் பிரித்தெடுக்கும்போது பெரியதாகக் கொழுத்திருப்பவற்றை விட்டுவிட்டு, நடுத்தரமாக இருப்பவற்றை எடுப்பது நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் அதை அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இதற்கு வெளிநாட்டுக் காகிதம் வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். வீரியம் சரிபார்க்கப்பட்ட டெமிஃபாஸ், துல்லியமான பிப்பெட், சுத்தமான கப் இருந்தால் போதும். வயது பார்த்துப் பெண் கொசுக்களைப் பிரிக்கும் வேலையும் இல்லை. தொட்டியில் எடுத்த புழு, ஆய்வகத்தில் ஓரிரு நாள் பழகிய பிறகு சோதனைக்குத் தயார்.

ஒரே ஓர் அளவில் சோதித்தால் ஆம், இல்லை என்ற பதில் கிடைக்கும். அதோடு நிற்காதீர்கள். ஐந்தாறு அளவுகளில் வைத்தால் பாதிப் புழுக்களைக் கொல்லும் அளவைக் கணக்கிடலாம். மருந்துக்கு எளிதில் சாகும் ஆய்வக இனத்தின் அளவோடு அதை ஒப்பிட்டால் எத்தனை மடங்கு தாங்குகிறது என்று தெரியும். ஐந்து மடங்குக்குக் கீழே என்றால் குறைவு, ஐந்திலிருந்து பத்து வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஆய்வக இனத்துக்கு, புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்களிடம்தான் எழுதிக் கேட்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இந்த மடங்குக் கணக்கு சென்னைக்கு ஏன் முக்கியம்? குடிநீரில் டெமிஃபாஸ் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. புழுவைக் கொல்ல ஆய்வகத்தில் தேவைப்படும் அளவு அதைவிடப் பல மடங்கு குறைவு. அதாவது, எதிர்ப்பு தலைதூக்கத் தொடங்கிய பிறகும் தொட்டியில் புழுக்கள் சாகும்; எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். ஆனால் நம் வீட்டுத் தொட்டிகளில் தண்ணீர் ஒரே நிலையில் இருப்பதில்லை. காலையில் மோட்டார் போடுகிறோம், மாலையில் தீர்ந்துவிடுகிறது, லாரித் தண்ணீர் வந்தால் சம்ப்பை நிரப்புகிறோம். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் மருந்து நீர்த்துப் போகிறது. நான்கைந்து நாளில் அந்தத் தொட்டியில் இருப்பது, வலுவில்லாத புழுவை மட்டும் கொன்று வலுவுள்ளதைத் தப்பவிடும் அளவு. எதிர்ப்பு வளர இதைவிட வசதியான இடம் வேறு கிடையாது. தொட்டியில் மருந்து தோற்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே புழுச் சோதனை இதைக் காட்டிக் கொடுத்துவிடும். நான் அதை முதலிடத்தில் வைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976-இல் கண்டெடுக்கப்பட்டது. புழு அதைத் தின்றால்தான் சாகும். ஒரே நேரத்தில் நான்கு நச்சுப் புரதங்கள் தாக்குவதால் இதற்கு எதிர்ப்பு வருவது கடினம். அப்புறம் ஏன் சில தொட்டிகளில் பி.டி.ஐ. போட்ட மறுநாளே புழு நீந்துகிறது? அனாஃபிலிஸ் புழு நீரின் மேற்பரப்பில் படுத்தபடி மேயும். மருந்துத் துகள்களோ அடியில் படிந்துவிடும். இதை எதிர்ப்பு என்று எழுதிவிடக் கூடாது. பி.டி.ஐ.யைச் சோதிப்பதாக இருந்தால் தீனி தின்னும் பருவத்தில் உள்ள புழுவையே எடுக்க வேண்டும். ஒரே அளவில் முடிக்காமல் பல அளவுகளில் வைத்துத் தரநிலைத் தூளோடு ஒப்பிட வேண்டும். டெமிஃபாஸ் சோதனை கைவந்த பிறகு இதற்கு வரலாம்.

காகிதமா, பாட்டிலா?

புழுச் சோதனை மட்டும் போதாது. மலேரியா நோயாளி இருக்கும் வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் வளர்ந்த கொசுவைக் கொல்லப் பைரெத்ரம் என்ற பூச்சாற்று மருந்தைத் தெளிக்கிறார்கள். 2 சதவீதச் சாற்றை மண்ணெண்ணெயில் ஒன்றுக்குப் பத்தொன்பது என்று கலந்து. கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் லிக்விட் என்று நாமும் இரவு முழுக்க பைரெத்ராய்டு வகைகளைத்தான் வீட்டுக்குள் பரப்புகிறோம். ஆகவே வளர்ந்த கொசுவையும் பார்த்தாக வேண்டும். இங்கே இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன.

ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் குழாய்ச் சோதனை. மருந்து ஏற்றிய வடிகட்டிக் காகிதத்தைப் பிளாஸ்டிக் குழாயின் உட்புறம் சுருட்டி வைத்து, மூன்றிலிருந்து ஐந்து நாள் வயதுள்ள, இரத்தம் குடிக்காத பெண் கொசுக்களை ஒரு குழாய்க்கு 20 முதல் 25 வரை உள்ளே விட வேண்டும். சிவப்புப் புள்ளிக் குழாயில் மருந்து, மஞ்சள் புள்ளியில் ஒப்பீடு, பச்சைப் புள்ளிக் குழாய் கொசுவை வைத்திருக்க. சரியாக ஒரு மணி நேரம் காகிதத்தோடு. பிறகு பச்சைப் புள்ளிக் குழாய்க்கு மாற்றி, 10 சதவீதச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சைக் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். மருந்துக்கு நான்கு குழாய், ஒப்பீட்டுக்கு இரண்டு. மொத்தம் 150 கொசு. டெல்டாமெத்ரின் என்றால் 0.05 சதவீதக் காகிதம், மாலத்தியான் 5 சதவீதம், டி.டி.டி. 4 சதவீதம். 98 சதவீதமும் அதற்கு மேலும் செத்தால் மருந்து எடுபடுகிறது. 90-க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. இடைப்பட்டது சந்தேகம், மறுபடி சோதிக்க வேண்டும்.

மற்றொன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. உருவாக்கிய பாட்டில் சோதனை. 250 மில்லி கண்ணாடி பாட்டிலில், அசிட்டோனில் கரைத்த மருந்து ஒரு மில்லி விட்டு, உருட்டி உருட்டிச் சுவர் முழுக்கப் பூசி, காயவைக்க வேண்டும். அனாஃபிலிஸ் கொசுவுக்கு டெல்டாமெத்ரின் என்றால் ஒரு பாட்டிலுக்கு 12.5 மைக்ரோகிராம். கொசுக்களை விட்டு 30 நிமிடத்தில் எத்தனை விழுந்தன என்று பார்க்க வேண்டும். டி.டி.டி.க்கு மட்டும் 45 நிமிடம்.

காகிதத்தின் பெரிய குறை, அதற்காக யாரையோ சார்ந்திருக்க வேண்டும் என்பது. தரநிலைக் காகிதங்களைத் தயாரித்து உலகுக்கு அனுப்புவது மலேசியாவில் பினாங்கில் உள்ள சயின்ஸ் மலேசியா பல்கலைக்கழகம். வரவழைக்க முன்பணம், சுங்கம், காத்திருப்பு. வந்த பிறகும் குளிர்பெட்டியில் காக்க வேண்டும். ஒரு காகிதத்தை ஆறு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. பாட்டிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாட்டிலும் அசிட்டோனும் உள்ளூரிலேயே கிடைக்கும், சுத்தமான மருந்தை வாங்கினால் நீண்ட நாள் வரும், இரண்டு மணி நேரத்தில் முடிவும் வந்துவிடும். சிறிய ஆய்வகத்துக்குப் பாட்டில்தான் என்று பலர் பரிந்துரைப்பதற்கு இதெல்லாம் நியாயமான காரணம்.

இருந்தும் சென்னையின் ஸ்டீபன்ஸிக்கு நான் காகிதத்தையே தேர்ந்தெடுப்பேன். காரணம் அந்த 24 மணி நேரம். கொசு மருந்தைத் தாங்குவது ஒரே வழியில் இல்லை. மருந்து போய் ஒட்டும் இடமே மாறியிருக்கலாம். அல்லது உடலுக்குள் போன மருந்தை நொதிகள் உடைத்துத் தள்ளலாம். 1980-களில் பாகிஸ்தானின் ஸ்டீபன்ஸியில் மாலத்தியான் எதிர்ப்பு, மருந்தை உடைக்கும் எஸ்டரேஸ் நொதியால் வந்தது என்று காட்டினார்கள். நொதியால் தாங்கும் கொசு முதலில் மயங்கி விழலாம். விழுந்து கிடக்கும்போதே உள்ளே மருந்து சிதைகிறது. மறுநாள் காலையில் எழுந்து பறக்கிறது. 30 நிமிடத்தில் கணக்கை முடித்தால் அந்தக் கொசு செத்ததாகப் பதிவாகும். நகரத்தில் நாம் கண்டுபிடிக்க வேண்டியதே இந்த வகை எதிர்ப்பைத்தான் என்னும்போது, விழுந்ததை எண்ணும் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

இரண்டாவது காரணம் பாட்டில் கழுவுவது. கேட்க அற்பமாகத் தோன்றும். பழைய மருந்து துளி மிச்சமிருந்தாலும் அடுத்த சோதனை கெட்டுவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்து, பலமுறை அலசி, சூட்டில் உலர்த்தி, பிறகு எளிதில் சாகும் கொசு நாலைந்தை உள்ளே விட்டு அவை சாகவில்லை என்று உறுதிசெய்த பிறகே மறுபடி பூச வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் பூசிய பாட்டில் சரியாகக் காயாது. அசிட்டோன் வாடை போகாத பாட்டிலில் ஒப்பீட்டுக் கொசுவும் செத்து விழும். மாணவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் கல்லூரியில் இந்த ஒழுங்கைக் காப்பது, காகிதத்துக்குக் காத்திருப்பதைவிடக் கடினம்.

பாட்டிலைத் தவிர்க்கவே முடியாத இடமும் உண்டு. லிக்விடில் இருக்கும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் ஆவியாகும் தன்மையுள்ளது. குளோர்ஃபெனாபிர், குளோதியானிடின் போன்ற புதிய மருந்துகளும் காகிதத்துக்கு ஒத்துவராதவை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட கையேட்டில் இவற்றுக்கெல்லாம் பாட்டில் சோதனைதான். அங்கேயும் மறுநாள் எண்ணிக்கை உண்டு. குளோர்ஃபெனாபிருக்கு 72 மணி நேரம் வரை. வீட்டு லிக்விட் சென்னைக் கொசுவை எவ்வளவு பழக்கிவிட்டது என்று பார்க்க விரும்பும் ஆய்வகம் பாட்டிலை எடுக்கட்டும். அது நல்ல ஆராய்ச்சிக் கேள்வி.

எந்த முறையை எடுத்தாலும் கணக்கில் கவனம் வேண்டும். குழாய்ச் சோதனையில் ஒப்பீட்டுக் கொசுக்களில் ஐந்து சதவீதத்துக்கு மேல் செத்தால் திருத்தம் போட வேண்டும். இருபதைத் தொட்டால் சோதனையைத் தூக்கிப் போட வேண்டும். குழாயில் 90 சதவீதம் செத்தன, ஒப்பீட்டில் 10 சதவீதம் செத்தன என்று வைத்துக்கொள்வோம். 90-லிருந்து 10-ஐக் கழித்தால் 80; அதை, 100-லிருந்து 10 போக மீதியான 90-ஆல் வகுத்தால் 88.9 சதவீதம். சந்தேகத்தில் இருந்த முடிவு, எதிர்ப்பு உறுதி என்ற பக்கம் போய்விட்டது. எண்ணிக்கை குறைந்தாலும் இதே ஆபத்து. 25 கொசுவை மட்டும் வைத்துச் சோதித்தால் ஒரே ஒரு கொசு பிழைத்தாலும் 96 சதவீதம் ஆகிவிடும். இருபத்தைந்தில் ஒன்று தற்செயலாகக்கூடப் பிழைத்திருக்கலாம். அதை வைத்து ஒரு வட்டாரத்தின் மருந்தை மாற்ற முடியாது.

மரபணுவும் நொதியும்

பி.சி.ஆர். சோதனைக்குச் செத்த கொசு போதும். ஒரு கால் போதும். சிலிகா ஜெல்லில் உலர்த்தி வைத்த பழைய கொசுவிலும் பார்க்கலாம். சோடிய வாயில் மரபணுவில் 1014-ஆம் இடத்தில் வரும், மருந்து பட்டும் கொசு மயங்கி விழாமல் தாங்க உதவும் மாற்றம்தான் கே.டி.ஆர். என்று அழைக்கப்படுவது. இந்திய ஸ்டீபன்ஸியிலும் அது பதிவாகியிருக்கிறது. எதிர்ப்பு வெளியே தெரியும் முன்பே, ஒற்றைப் பிரதியாக மறைந்திருக்கும் மரபணுவைக் கண்டுபிடிப்பது இதன் உண்மையான பலம். ஆனால் அது தனக்குத் தெரிந்த மாற்றத்தை மட்டும்தான் தேடும். வாசல் கதவு பூட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, கொல்லைக் கதவைப் பார்க்காமல் வீடு பத்திரம் என்று சொல்வது போல ஆகிவிடும். கே.டி.ஆர். இல்லை என்ற முடிவு, மருந்து எடுபடும் என்ற முடிவு ஆகாது. நொதி வழி அப்படியே திறந்து கிடக்கலாம்.

நொதிச் சோதனைகள் அந்த இடைவெளியை நிரப்பும். ஆனால் கொசுவை உயிரோடு கொண்டுவந்து உடனே மைனஸ் 80-இல் உறையவைக்க வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உள்ள இடத்தில்தான் இது சாத்தியம். அதற்குப் பதில் சிறிய ஆய்வகம் செய்யக்கூடிய அழகான ஒரு வழி இருக்கிறது: பி.பி.ஓ. என்ற பொருள் ஏற்றிய 4 சதவீதக் காகிதத்தில் கொசுவை ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு மருந்துக் காகிதத்துக்கு மாற்றுவது. மருந்தை உடைக்கும் நொதிகளில் முக்கியமான ஒரு வகையை பி.பி.ஓ. தடுத்துவிடும். மருந்து மட்டும் வைத்தபோது பிழைத்த கொசுக்கள் பி.பி.ஓ.வுக்குப் பிறகு செத்தால், எதிர்ப்புக்குப் பின்னால் நொதி இருக்கிறது என்று தெரிந்துவிடும். கூடுதல் கருவி எதுவும் வேண்டாம், அதே குழாய்கள் போதும். எதிர்ப்பு எவ்வளவு தீவிரம் என்று அறிய ஐந்து மடங்கு, பத்து மடங்கு அளவுள்ள காகிதங்களும் உண்டு. முதல் சோதனையில் எதிர்ப்பு உறுதியான பிறகுதான் அவை தேவை.

கொசுவைச் சேகரிப்பது

சோதனையை விட இதில்தான் முடிவுகள் அதிகம் கெட்டுப்போகின்றன. ஒரே தொட்டியில் நூற்றைம்பது புழு கிடைத்தது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அவை ஓரிரு தாய்க் கொசுவின் குஞ்சுகளாக இருக்கலாம். அண்ணன் தம்பிகளைச் சோதித்துவிட்டு ஒரு வட்டாரத்தைப் பற்றி எழுத முடியாது. பல தெருக்களில், பல தொட்டிகளில், கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்க்க வேண்டும். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும்போது உங்கள் நிழல் விழுந்தாலே புழுக்கள் அடியில் போய்விடும். ஓரிரு நிமிடம் அசையாமல் இருங்கள்; ஒவ்வொன்றாக மேலே வந்து, நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுக்கும். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் அது ஏடிஸோ கியூலெக்ஸோ. அனாஃபிலிஸுக்கு மூச்சுக்குழல் நீட்டிக்கொண்டிருக்காது.

அனாஃபிலிஸ் என்று தெரிந்தாலும் வேலை முடியவில்லை. சென்னையில் அனாஃபிலிஸ் சப்பிக்டஸும் ஏராளம். ஸ்டீபன்ஸியின் காலிலும் வாயருகே உள்ள உணர்கொம்பிலும் வெள்ளைப் புள்ளிகள் தூவியது போல இருக்கும். சப்பிக்டஸில் அது இருக்காது. மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை ஒன்றையொன்று பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பிறகு தடுமாற்றம் வராது. சோதனை முடிந்த பிறகு ஒவ்வொரு கொசுவையும், செத்ததையும் பிழைத்ததையும் தனித்தனியாக அடையாளம் பார்த்து எழுத வேண்டும். இரண்டு இனமும் கலந்த எண்ணிக்கையால் யாருக்கும் பயனில்லை.

மாட்டுக் கொட்டகையில் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் கொசுவைப் பிடித்து நேராகக் குழாயில் விடும் பழக்கமும் இருக்கிறது. அதன் வயது தெரியாது. வயதான கொசு, இளம் கொசுவைவிட எளிதில் சாகும்; எதிர்ப்பு இருந்தும் இல்லாதது போல் தெரியும். அதைவிட, இரத்தம் குடித்த பெண் கொசுக்களைப் பல கொட்டகைகளிலிருந்து பிடித்து, ஆய்வகத்தில் முட்டையிட வைத்து, அடுத்த தலைமுறையைச் சோதிப்பது நல்லது. முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அந்தத் தலைமுறையில் பாதியைப் புழுவாகவும் பாதியைக் கொசுவாகவும் சோதிக்கலாம். இரண்டு முடிவும் ஒரே கொசுக் கூட்டத்தைப் பற்றியதாக அமையும்.

வளர்க்கும் அறையில் வெப்பம் 27 டிகிரியை ஒட்டியும் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். ஏ.சி. போட்டால் வெப்பம் இறங்கும், காற்று உலர்ந்துவிடும். கூண்டின் மேல் நனைத்துப் பிழிந்த துண்டு போடுங்கள். சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு இருக்கும் இடத்தில் எறும்பு வராமல் இருக்காது. ஒரே இரவில் கூண்டு காலியாகிவிடும். கூண்டு மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், அந்தத் தண்ணீரை வாரம் ஒருமுறை தவறாமல் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதிலேயே ஏடிஸ் முட்டையிடும்.

நானூறு புழு கையில் இருக்கிறது என்றால், நான் இப்படிப் பிரிப்பேன்: இருநூறு டெமிஃபாஸுக்கு, ஒப்பீடும் சேர்த்து. மீதி இருநூறை வளரவிட்டால் அதில் ஏறக்குறைய பாதிதான் பெண். நூறு பெண் கொசு ஒரு மருந்துக்கான முழுச் சோதனைக்கும் போதாது. அதனால் அந்த முறை வளர்ந்த கொசுவுக்கு டெல்டாமெத்ரின் மட்டும். நூறையும் குழாய்க்கு இருபது என்று மருந்துக்கும் ஒப்பீட்டுக்கும் பிரித்துத் தொடங்கி, அதே வட்டாரத்தில் அடுத்த சேகரிப்பு வந்ததும் மீதிக் குழாய்களை முடித்துக் கணக்கைச் சேர்த்துவிடலாம். மாலத்தியானை அடுத்த சுற்றுக்குத் தள்ளலாம். மூன்று மருந்தையும் அரைகுறையாகத் தொடுவதை விட இது எவ்வளவோ மேல்.

இந்த முடிவுகளுக்கு நம் நகரத்துக்கு வெளியேயும் தேவை இருக்கிறது. ஸ்டீபன்ஸி 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது, பிறகு எத்தியோப்பியாவிலும் சூடானிலும். மலேரியா ஒழிந்த நாடு என்று இலங்கை 2016 செப்டம்பரில் சான்று பெற்றது; அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் இந்தக் கொசு கண்டுபிடிக்கப்பட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு, இந்தப் பக்கத்துக் கொசு எந்த மருந்தைத் தாங்குகிறது என்பது அவசரமான செய்தி.

முடிவை யாரிடம் கொடுத்தாலும், மாநகராட்சிச் சுகாதாரத் துறையோ, தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் களப் பிரிவோ, சதவீதத்தை மட்டும் கொடுக்காதீர்கள். எந்தத் தெருவில், எந்த வகைத் தொட்டியில் எடுத்தது, எத்தனை வைத்தது, எத்தனை செத்தது, ஒப்பீட்டில் எத்தனை, அறை வெப்பம் என்ன, மருந்தின் தயாரிப்புத் தேதி என்ன, அந்தத் தொட்டியில் கடைசியாக அபேட் ஊற்றியது எப்போது என்று எல்லாவற்றையும் கொடுங்கள். கடைசியாகச் சொன்ன விவரத்தைத் தொட்டியின் மூடியிலேயே சாக்பீஸால் தேதி எழுதி வைக்கச் சொன்னால், சேகரிக்கப் போகிறவருக்கு அது நின்ற இடத்திலேயே கிடைத்துவிடும்.